காவல் ஆய்வாளர் வேலையை விட்டு நாடாளுமன்றத் தேர்தலுக்குப் போன அனுபவம்

காவல்துறையில் 26 ஆண்டுகள் பணியாற்றி, ஆய்வாளராக இருந்தபோது விருப்ப ஓய்வு பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் கன்னியாகுமரி தொகுதியில் போட்டியிட முயன்றவன் நான். என் பெயர் வாக்குப்பதிவு இயந்திரத்தில் இடம்பெறவே இல்லை. மனு பரிசீலனையிலேயே தள்ளுபடியானது. அதற்கு முந்தைய பத்து மாதங்களில் எனக்கு நேர்ந்தவற்றை முன்கூட்டிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. துறையில் இருக்கும் இளைய நண்பர்கள் சிலர் இப்போது அதே எண்ணத்தோடு தக்கலையில் உள்ள என் வீட்டுக்கு வந்து பேசுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்லும்போது ஏதாவது விடுபட்டுப் போகிறது என்பதால், நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

இந்த எண்ணம் எனக்குள் விழுந்தது 2017 நவம்பர் இறுதியில், ஒக்கிப் புயலின்போது. 2016 சட்டமன்றத் தேர்தல் முடிந்தபின் சொந்த மாவட்டத்துக்கு மாறுதலாகி வந்திருந்தேன். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை, நீரோடி ஆகிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் கரையிலிருந்து பல நூறு கடல் மைல் தொலைவில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். புயலுக்குப் பிறகு அவர்களுடைய மனைவியரும் தாயாரும் காவல் நிலையத்துக்கு வந்து ஆளைக் காணவில்லை என்று புகார் எழுதித் தந்தார்கள். நான் வாங்கி ஒப்புகைச் சீட்டுக் கொடுத்தேன். அதற்கு மேல் என்னால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. அரசமைப்புச் சட்டப்படி பொது ஒழுங்கும் காவலும் மாநில அரசின் அதிகாரங்களைச் சொல்லும் மாநிலப் பட்டியலில் இருப்பவை. 12 கடல் மைலுக்கு அப்பால் மீன்பிடித்தல் மத்தியப் பட்டியலின் 57ஆம் இனம். தேடிப் போக வேண்டிய கடலோரக் காவல் படையும் கடற்படையும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருப்பவை. காவல் நிலையத்தில் உட்கார்ந்து ஒப்புகைச் சீட்டு எழுதுபவன் ஒருநாள் அந்த அமைச்சரிடம் நேரில் கேள்வி கேட்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்று அப்போது தோன்றியது. பதவி ஆசை என்று சொன்னவர்கள் உண்டு. ஆசை அறவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தொடக்கம் அந்த ஒப்புகைச் சீட்டுகள்தான்.

துணிச்சல் தந்தவை மற்றவர்களின் கதைகள். மும்பை காவல் ஆணையராக இருந்த சத்யபால் சிங் 2014 தொடக்கத்தில் பதவி விலகி, அதே ஆண்டு பாக்பத் தொகுதியில் வென்று, பின்னர் மத்திய இணையமைச்சரும் ஆனார். ஜார்க்கண்டின் முன்னாள் காவல்துறைத் தலைவர் விஷ்ணு தயாள் ராம், பலாமு தொகுதியில் 2014லும் 2019லும் வென்றிருந்தார். காவல் உதவி ஆய்வாளராக இருந்த சுஷில்குமார் ஷிண்டே நாட்டின் உள்துறை அமைச்சராகவே ஆகியிருக்கிறார். கர்நாடகத்தில் காவல் கண்காணிப்பாளராக இருந்த அண்ணாமலை 2019இல் பதவி விலகி ஒரு தேசியக் கட்சியின் மாநிலத் தலைவரான பிறகு, தமிழ்நாட்டுக் காவலர் குடியிருப்புகளில் இந்தப் பேச்சு மிகுதியாயிற்று. தோற்ற கதைகளும் அதே அளவுக்கு என் கண்முன் இருந்தன. பீகாரின் காவல்துறைத் தலைவர் குப்தேஷ்வர் பாண்டே 2020 செப்டம்பரில் விருப்ப ஓய்வு பெற்றுக் கட்சியில் சேர்ந்தும், சில வாரங்களில் வந்த தேர்தலில் அவருக்கு வாய்ப்பு வழங்கப்படவில்லை. மாநிலக் காவல்துறையின் உச்சியில் இருந்தவருக்கே அந்த நிலை என்றால் ஆய்வாளருக்கு எப்படி இருக்கும் என்று என் மனைவி கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. பதில் இல்லாமலே முடிவெடுத்தேன்.

2023 ஜூனில், அரசுப் பணியாளர்களுக்கான அடிப்படை விதி 56(3)இன்படி மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்தேன். 50 வயது நிறைந்தவரோ 20 ஆண்டு தகுதிப் பணி முடித்தவரோ இவ்வாறு ஓய்வு கோரலாம். மூன்று மாதம் முடிந்தால் வெளியே வந்துவிடலாம் என்று நம்பியிருந்தேன். என் மீது பழைய 3(பி) குற்றக் குறிப்பாணை ஒன்று, அதாவது துறை ஒழுங்கு விதியின் கீழ் தரப்படும் குற்றச்சாட்டு ஆணை, முடிவுறாமல் இருந்தது. முந்தைய நிலையம் ஒன்றில் வழக்குக் கோப்பை உரிய காலத்தில் நீதிமன்றத்துக்கு அனுப்பவில்லை என்பது குற்றச்சாட்டு. விசாரணை அலுவலர் இருமுறை மாறியதால் அது நான்கு ஆண்டுகளாக அப்படியே நின்றிருந்தது. ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் உள்ளவருக்கு விருப்ப ஓய்வு தர மறுக்கலாம். எனக்கும் அந்தப் பதிலே வந்தது. அதை முடித்துக்கொள்ள ஒரு வழக்கறிஞரை வைத்து, விளக்கம் எழுதி, ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம் என்ற தண்டனையை எதிர்ப்பின்றி ஏற்று, 2024 ஜனவரி 31 அன்று பணியிலிருந்து விடுவிக்கப்பட்டேன். மூன்று மாதம் என்று நினைத்தது ஏழு மாதத்துக்கும் மேல் ஆனது. ஆந்திராவில் கதிரி வட்ட ஆய்வாளராக இருந்த கோரண்ட்லா மாதவுக்கு 2019இல் விருப்ப ஓய்வு இழுபறியாகி, நிர்வாகத் தீர்ப்பாயம் வரை போன பிறகே வேட்புமனுச் சிக்கல் தீர்ந்தது. அவர் இந்துப்பூரில் வென்றார். அவருக்குப் பின்னால் கட்சி ஒன்று நின்றது. தனியாளாக நிற்பவர் அந்த நெருக்கடியைத் தாங்குவது மிகக் கடினம். ஆகவே நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் மீது ஏதேனும் குறிப்பாணை நிலுவையில் இருக்கிறதா என்பதுதான். இருந்தால் அதை முடித்துவிட்டுத்தான் அரசியல் பேச்சையே எடுக்க வேண்டும். தேர்தல் அறிவிக்கை வருவதற்குக் குறைந்தது ஓராண்டுக்கு முன் விடுவிப்பு ஆணை கையில் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

விடுவிப்புக்குக் காத்திருந்த மாதங்களில் இன்னொரு தவறும் செய்தேன். எனக்கு வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொன்ன கட்சிப் பிரமுகர் ஒருவர் ஏற்பாடு செய்த கூட்டத்துக்கு, சாதாரண உடையில்தானே போகிறோம் என்று நினைத்துப் போய்ப் பின்வரிசையில் அமர்ந்தேன். யாரோ எடுத்த படம் இரண்டே நாளில் மேலதிகாரியின் கைப்பேசிக்குப் போயிற்று. பணியில் இருக்கும் கடைசி நாள் கடைசி மணி வரை நடத்தை விதிகள் நம்மைக் கட்டுப்படுத்தும். முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டதால் பாதி விடுதலை என்று எதுவும் கிடையாது. எழுத்தில் வருத்தம் தெரிவித்து அதிலிருந்து மீண்டேன். இரண்டாவது குறிப்பாணையாக அது மாறியிருந்தால் நான் இன்னும் பணியிலேயே இருந்திருப்பேன்.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாதம் ஏறத்தாழ 1,10,000 ரூபாய் வந்துகொண்டிருந்த இடத்தில், ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தத் தொகையாகப் பெற்ற பிறகு ஓய்வூதியமாக 42,000 ரூபாய் வருகிறது. ஓய்வு வயது 60 ஆக்கப்பட்டுவிட்டதால் எனக்கு இன்னும் ஏழு ஆண்டுப் பணி மீதம் இருந்தது. இந்த வித்தியாசத்தை ஏழு ஆண்டுக்குப் பெருக்கிப் பார்த்தவள் என் மனைவி, நான் பார்க்கவில்லை. ஒன்பதரை மாத அலைச்சலில் கார் வாடகைக்கும் எரிபொருளுக்கும் 2,80,000, அந்தப் பிரமுகர் கேட்டபோதெல்லாம் கொடுத்த நிகழ்ச்சிச் செலவுகளுக்கு 3,10,000, அச்சு வேலைகளுக்கு 1,15,000, சென்னைக்குப் போய்த் தங்கிக் காத்திருந்ததில் 1,40,000, வழக்கறிஞருக்கு 75,000 என மொத்தம் 9,20,000 ரூபாய் பணிக்கொடையிலிருந்து போயிற்று. மகளின் மேற்படிப்புக்கென்று ஒதுக்கியிருந்த பணம் அது. நிகழ்ச்சிச் செலவுக்குக் கொடுத்த தொகை எதற்கும் ரசீது கிடையாது. 26 ஆண்டுகள் மோசடிப் புகார்களை விசாரித்தவன், ரசீது இல்லாமல் பணம் கொடுத்தீர்களா என்று எத்தனையோ பேரைக் கேட்டவன், அதையே செய்தேன் என்பதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது. மார்ச்சில் கூட்டணி முடிவாகி வேட்பாளர் பட்டியல் வெளியானபோது அதில் என் பெயர் இல்லை. அந்தப் பிரமுகர் அடுத்த நான்கு நாட்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் எடுத்து, அடுத்த முறை பார்க்கலாம் என்றார். கட்சியின் பொறுப்பாளர் எவரிடமும் நான் நேரடியாகப் பேசியிருக்கவில்லை. எல்லாம் அவர் வழியாகவே நடந்தன. வாய்ப்பைத் தீர்மானிக்கும் நிலையில் இருப்பவர் வாயால் ஒரு சொல் வராதவரை ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது.

சுயேச்சையாக நிற்பது என்று முடிவெடுத்த பிறகுதான் நான் உண்மையில் மக்களைச் சந்தித்தேன். கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் என்ற ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது எங்கள் மக்களவைத் தொகுதி. இதன் முன்னோடியான நாகர்கோவில் தொகுதி நேசமணியையும், அவர் மறைவுக்குப் பின் 1969 இடைத்தேர்தலில் காமராசரையும் அனுப்பியது. அந்த வரிசையில் போய் நிற்பவன் வெறுங்கையோடு போகக் கூடாது. என் கையில் இருந்தது சீருடை தந்த மரியாதை மட்டுமே. தேர்தல் வரும்போதெல்லாம் சொந்த மாவட்டத்தில் பணிபுரியும் காவல் அலுவலர்களை வெளியே மாற்றிவிடுவது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. அதனால் பணிக்காலத்தின் பெரும்பகுதியைத் தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம் மாவட்டங்களில் கழித்திருந்தேன். என்னை நன்கு அறிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். வாக்காளர்கள் இங்கே இருந்தார்கள். தொகுதியில் என்னைத் தெரிந்தவர்களோ என்னை ஆய்வாளராகத் தெரிந்தவர்கள்.

அதன் பொருள் சின்னத்துறையில் எனக்குப் புரிந்தது. ஒக்கிப் புயலில் காணாமல் போனவர்களைத் தேடக் கோரி 2017 டிசம்பர் 7 அன்று மீனவ மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். நான் அன்று அங்கே பாதுகாப்புப் பணியில் நின்றேன். அவர்கள் மீது மிகுந்த பரிவோடுதான் நின்றேன் என்று என் மனத்துக்குத் தெரியும். ஆறு ஆண்டுகள் கழித்து வாக்குக் கேட்டுப் போனபோது வீட்டுத் திண்ணையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு தாயார் என்னை நிமிர்ந்து பார்த்து, “சாரே, அன்னைக்கு ரயில்ல எங்களுக்கு எதிரா லத்தியோட நின்னது நீங்கதானே?” என்று கேட்டார். என் முதல் பதில் விசாரணைக் குரலில் வந்தது. “நான் உங்களுக்கு எதிராக நிற்கவில்லை, என் கடமையைச் செய்தேன், புரிந்ததா?” என்றேன். புரிந்ததா என்ற அந்தக் கடைசிச் சொல் என் வாயிலிருந்து விழுந்ததுமே அந்த முற்றத்தில் இருந்த நான்கைந்து பேரும் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். உடன் வந்த தம்பி முறை உறவினன் திரும்பும் வழியில், “அண்ணே, நீங்க கேள்வி கேக்குற மாதிரியே பேசுறீங்க” என்றான். அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுவாரம் தனியாகப் போய், அதே திண்ணையில் உட்கார்ந்து, அந்தத் தாயார் பேசி முடிக்கும்வரை எதுவும் சொல்லாமல் கேட்டேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. காவல் நிலையத்தில் யாரையும் இரண்டு மணி நேரம் இடைமறிக்காமல் பேசவிட்டதாக எனக்கு நினைவில்லை. கட்டளையிடும் குரல் கழன்று போவதற்கு ஓராண்டாவது பிடிக்கும். விடுவிப்பு ஆணைக்கும் தேர்தலுக்கும் இடையே நீண்ட காலம் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இது இரண்டாவது காரணம், எனக்கு இதுவே பெரிய காரணமும்கூட.

இதோடு எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1982 மண்டைக்காடு கலவரத்தின் நினைவு இங்கே இந்துக்கள், கிறிஸ்தவர்கள் என இரு சமயத்தாரிடமும் இன்னும் இருக்கிறது. அந்த நினைவில் காவல்துறையின் துப்பாக்கியும் இருக்கிறது. அப்போது நான் பள்ளிச் சிறுவன். ஆனால் அந்தத் துறையின் ஆள் என்ற முறையில் என்னிடம் அதைக் கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு விளக்கம் சொல்ல முயல்வதைவிடக் கேட்டுக்கொள்வதே சரி என்று கற்றேன்.

இனி வேட்புமனுவுக்கு வருகிறேன். மார்ச் 20இல் அறிவிக்கை, 27 கடைசி நாள், 28 பரிசீலனை. சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் போதும். வைப்புத் தொகை 25,000 ரூபாய். தேர்தல் செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு, மனுத் தாக்கலுக்குக் குறைந்தது ஒரு நாள் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரத்தில், அறிவிக்கைக்கு முந்தைய பத்து ஆண்டுகளில் அரசுக் குடியிருப்பில் இருந்தீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. இருந்திருந்தால் வாடகை, மின்சாரம், குடிநீர், தொலைபேசி ஆகியவற்றுக்கு நிலுவை இல்லை என்ற சான்றுகளை இணைக்க வேண்டும். மற்ற வேட்பாளர்கள் பெரும்பாலோருக்கு இது பொருந்தாத கேள்வி. காவலருக்கோ வாழ்நாள் முழுதும் குடியிருப்புதான். நான் அந்தப் பத்தாண்டுகளில் மூன்று மாவட்டங்களில் மூன்று வீடுகளில் இருந்திருக்கிறேன். இரண்டுக்குச் சான்று கிடைத்தது. மூன்றாவது, 2016இல் நான் காலி செய்தது. எனக்குப் பிறகு யாரும் குடிவராமல் பழுதாகி, மின் இணைப்பும் துண்டிக்கப்பட்டிருந்தது. கடைசி மாதக் கட்டணம் 2,386 ரூபாய் கட்டப்படாமல் இருந்தது. துண்டிக்கப்பட்ட எண் என்பதால் இணையத்தில் கட்ட முடியவில்லை. 26ஆம் தேதி மின்வாரிய அலுவலகத்துக்கு நேரில் ஓடினேன். பணத்தை வாங்கிக்கொண்டார்கள், சான்றில் கையொப்பமிட வேண்டியவர் தேர்தல் பணிப் பயிற்சிக்குப் போயிருந்தார். 27 பிற்பகல் 3 மணிக்குள், அந்த ஒரு சான்று இல்லாமலே மனுவைக் கொடுத்தேன். குறையைச் சுட்டிக்காட்டி, பரிசீலனை தொடங்கும் முன் கொண்டுவர வேண்டும் என்று எழுத்தில் தந்தார்கள்.

28 பெரிய வியாழன். காலை 11 மணிக்குப் பரிசீலனை. சான்று வரவில்லை. பணம் கட்டிய ரசீதை நீட்டினேன். ரசீது சான்றாகாது என்று மனு தள்ளுபடி செய்யப்பட்டது. அதிகாரி மீது எனக்கு வருத்தமில்லை. அவர் நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் விதியைத்தான் பார்த்திருப்பேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்தபோது, முன்மொழிந்த பத்துப் பேரில் ஏழு பேர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் வெகுநேரம் கதவைத் திறக்காமல் இருந்தேன். ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 26 அன்று, மேற்கு வங்கத்தின் பீர்பூம் தொகுதியில் முன்னாள் ஐபிஎஸ் அதிகாரி தேபாசிஷ் தரின் மனு, தேசியக் கட்சியின் வேட்பாளராக இருந்தும், இதே நிலுவையின்மைச் சான்று இல்லாததால் தள்ளுபடியான செய்தியைப் படித்தேன். எனக்கு ஆறுதல் வரவில்லை. இத்தனை பேர் விழும் பள்ளத்துக்கு அருகில் ஒரு கல்லைக்கூட யாரும் நட்டுவைக்கவில்லையே என்ற ஆற்றாமைதான் வந்தது.

பின்னர் ஒரு வழக்கறிஞர் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 36ஆம் பிரிவைக் காட்டினார். ஆட்சேபம் எழுந்தால் அதற்குப் பதில் அளிக்க வேட்பாளருக்கு அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ வரை அவகாசம் தரலாம் என்று 5ஆம் உட்பிரிவு சொல்கிறது. தந்தாக வேண்டும் என்பதில்லை, தரலாம். நான் கேட்கவே இல்லை. குற்றவியல் சட்டங்களை மனப்பாடமாகச் சொல்பவன், தேர்தல் சட்டத்தின் ஒரு பிரிவைக்கூடப் படிக்காமல் போயிருந்தேன். தேர்தல்களுக்கு எத்தனையோ முறை பாதுகாப்புக் கொடுத்திருக்கிறோம், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு காவலர்களுக்கு எளிதில் வந்துவிடும். வாக்குச்சாவடி வாசலில் நின்ற அனுபவம் வேட்புமனு மேசையில் உதவாது. ஆகவே குடியிருப்பைக் காலி செய்யும் ஒவ்வொரு முறையும், சாவியை ஒப்படைக்கும் அன்றே நான்கு சான்றுகளையும் வாங்கி ஒரே கோப்பில் வையுங்கள். அரசியல் எண்ணம் இல்லாவிட்டாலும் வையுங்கள். பரிசீலனைக்குப் போகும்போது தேர்தல் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவகாசம் கேட்கும் மனுவை முன்கூட்டியே எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

மனு தள்ளுபடியானதால் வைப்புத் தொகை 25,000 ரூபாய் சில வாரங்களில் திரும்பி வந்தது. அந்தச் சான்றும் ஏப்ரல் முதல் வாரத்தில் தபாலில் வந்து சேர்ந்தது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மகள் கல்விக் கடனுக்கு விண்ணப்பித்தாள். நான் பிணைக் கையொப்பம் இட்டேன்.

ஜூன் 4இல் முடிவுகள் வந்த பிறகு ஒருநாள் சின்னத்துறையிலிருந்து அந்தத் தாயார் ஆள் விட்டு அழைத்தார். வளைகுடா நாடு ஒன்றில் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கும் அவருடைய மருமகன், எல்லை தாண்டியதாகப் பிடிபட்டுக் காவலில் இருந்தார். “மனு ஒண்ணு எழுதித் தருவியளா சாரே?” என்றார். அதே திண்ணையில் உட்கார்ந்து, கடவுச்சீட்டு எண், படகின் பதிவு எண், உரிமையாளர் பெயர், கடைசியாகத் தொலைபேசியில் பேசிய தேதி எல்லாவற்றையும் கேட்டு, வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு மனுவும், தொகுதியின் மக்களவை உறுப்பினருக்கு ஒரு மனுவும் எழுதினேன். இரண்டின் நகலையும் அவரிடம் கொடுத்து, மறுநாள் காலை நாகர்கோவிலுக்குப் பேருந்து ஏறினேன்.